சூட்டைச் சுமப்பவர்கள்

என் மகன் இரண்டு வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். என்விடியா கம்பெனி 2022-இல் வெளியிட்ட 4090 என்ற ரகம். பெட்டியைப் பிரித்தபோது திகைத்துப் போனேன். கார்டு என்றால் கையடக்கமான ஒரு தகடு என்றல்லவா எண்ணியிருந்தேன்? இதுவோ ஓர் அடி நீளம். செங்கல்லைப் போல் தடிமன். கம்ப்யூட்டருக்குள் பொருத்தியதும் தன் பாரம் தாளாமல் சற்றே சாய்ந்தது. அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினான்.

"இத்தனை பெரிய மூளையா?" என்று கேட்டேன்.

"மூளை தபால் தலை அளவுதான், அப்பா. மற்றதெல்லாம் அதன் சூட்டைத் தாங்குவதற்கு" என்றான்.

அந்தப் பதில் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

1996-இல் வந்த வூடூ கார்டுக்கு விசிறியே கிடையாதாம். 1999-இல் வந்த ஜீபோர்ஸ் 256-இல் சுமார் இரண்டு கோடியே முப்பது லட்சம் டிரான்சிஸ்டர்கள். ஒரு சிறு விசிறி போதுமாயிருந்தது. மகன் வாங்கியதில் 7,630 கோடி! டிரான்சிஸ்டர் சிறுத்தால் அது உண்ணும் மின்சாரமும் அதற்கேற்பக் குறையும் என்று ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் 1974-இல் எழுதினார்கள். முப்பது வருஷம் போல அது பலித்தது. 2005-ஐ ஒட்டிப் பலிக்காமல் போயிற்று. உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போக, சூடு குவிந்துகொண்டே வந்தது. இந்தக் கார்டு முழு வேகத்தில் ஓடினால் 450 வாட். பழைய மின்விசிறி ஆறு சுழல்கிற செலவு. அத்தனையும் கடைசியில் உஷ்ணம்தான். அதை வாங்கிக்கொள்ளவே அலுமினிய இதழ்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றில் ஒரு கணக்கும் நடப்பதில்லை. ஒரு படமும் பிறப்பதில்லை. அவை இல்லாவிட்டாலோ, மூளை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு முடங்கிவிடும்.

ஆற்றலை மெச்சுகிறோம். அதன் சூடு எங்கே போகிறது என்று கேட்கிறோமா?

நான் நாவல் எழுதிய இரவுகளில் இந்த வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். குழந்தை அழுதால் என் மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். கடன்காரருக்குப் பதில் சொன்னவள் அவள். அத்தியாயம் ஓடாத நாட்களில் என் சிடுசிடுப்பை வாங்கிக்கொண்டவளும் அவளே. புத்தகத்தின் அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. எழுதியவன் நான்தானே என்று வாதாடலாம், வாதம் பொய்யல்ல. ஆனாலும் நெஞ்சு ஒப்பவில்லை.

எழுதாமலே இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. உலோகத்தைச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. மனுஷியை? நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த லட்சணத்தில், 'ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா?' என்று மகனுக்கு உபதேசிக்க வாயெடுத்தேனே!

மறுநாள் காலையில் அவளிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள்.

"அவன் அறையில் ஒரே புழுக்கமாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.