யார் சொன்ன யோசனை?

கிருஷ்ணன்கோவில் டீக்கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து ஊர் நூற்பாலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். பேச்சு ஆலையைப் பற்றித் திரும்பியது.

"ஆடிக் காத்து அடிக்கிறப்போ மேற்குச் சன்னலைச் சாத்துங்க, வெளிக்காத்து பட்டா இழை அறும்னு பத்து வருஷமாச் சொன்னேன். ஒருத்தரும் கேக்கலை. பட்டணத்திலேருந்து ஆலோசகர்னு ஒருத்தர் வந்தார். ஒரு வாரம் என்கூடவே சுத்தினார். அதையே அச்சடிச்சுக் கொடுத்தார். மறுநாளே சன்னலை அடைச்சிட்டாங்க. அவருக்குச் சன்மானம், எனக்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீ மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

நிர்வாக ஆலோசகர் வேறு என்ன செய்கிறார்? பார்க்கிறார், கேட்கிறார், எண்ணுகிறார், எழுதிக் கொடுக்கிறார். அப்படியானால் இது திருட்டுத்தானா?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மேஸ்திரி சொன்னது அனுபவம். முதலாளியின் காதில் அது புகாராக விழுந்தது. வந்தவர் அறுந்த இழைகளை எண்ணிக் காட்டினார், அது கணக்காகிவிட்டது. வீட்டு மனிதர் சொல்லி ஏறாதது அயலார் சொல்லி ஏறுவது நம் குடும்பங்களிலும் உண்டு.

ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், அகமதாபாத் காலிகோ மில்லுக்கு ஆலோசகராக வந்தார். புதிய தானியங்கித் தறிகளைப் போட்டும் எதிர்பார்த்த பலன் இல்லை. குறை தறியில் இல்லை. வேலையைப் பிரித்த முறையில் இருந்தது. நெய்கிறவர் ஒருவர், ஊடைக் கண்டு நிரப்புகிறவர் ஒருவர், அறுந்ததைச் சரிசெய்கிறவர் ஒருவர் என்று ஆளுக்கொரு கணக்கில் தறிகள். எந்தத் தறி வரிசையும் எந்தக் குழுவுக்கும் முழுமையாகச் சொந்தமில்லை. சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு வரிசையை முழுதும் பார்த்துக்கொண்டால் என்ன என்று ரைஸ் கேட்டார். தொழிலாளர்கள் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டு, குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி உயர்ந்தது, துணியில் சேதம் குறைந்தது. 1958-ல் வெளியிட்ட நூலில், அது அவர்கள் தாமாகச் செய்தது என்பதை ரைஸ் மறைக்கவில்லை.

அறம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பணத்தைக் கடன் வாங்கினால் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். அறிவைக் கடன் வாங்கினால் மட்டும் ஏன் பெயரை விட்டுவிட வேண்டும்? அறிக்கையில் ஒரு வரி, 'இது மேஸ்திரி கூறியது' என்று இருந்திருந்தால் ஆலோசகரின் சன்மானம் ஒரு காசு குறைந்திருக்குமா? அவரைவிடப் பெரிய கடனாளி ஆலைதான். பத்து ஆடி மாதங்களில் அறுந்த இழைக்கு அங்கே யார் பொறுப்பு?

பஸ் வந்துவிட்டது. எழுந்தவாறே, "அந்த ஆலோசகர் மேல் உங்களுக்குக் கோபமில்லையா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அவர் மேலே எதுக்குங்க கோபம்? பத்து வருஷத்திலே, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?'ன்னு என்னைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தானே!"

ஆறிய டீயை அவர் அப்போதுதான் எடுத்துக் குடித்தார்.