சினை மீன் வியாபாரம்

மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை. இஹ்ராம் கட்டியவருக்கும் கடல் வேட்டை ஆகுமானதே. அப்படியிருக்கச் சினை மீன் வியாபாரத்தில் கேள்வி ஏது என்பர் கிள்ளான் அன்பர்கள். கேள்வி உண்டு.

அமெரிக்காவில் வசந்த காலத்தில் முட்டையிடக் கரையோரம் வரும் கெண்டையை அம்பெய்து கொல்கிறார்கள். அந்நிய மீன், குறைந்தால் நல்லது என்பது அவர்கள் நியாயம். (1877-ல் அரசாங்கமே அதைத் தருவித்து வளர்த்ததை மறந்துவிட்டார்கள்!)

நம் தெருபோக் மீனுக்கு அந்த நியாயமும் இல்லை. சரவாக் ஆற்று முகத்துவாரங்களில் முட்டையிடும் அது, நம்மூர் உல்லத்துக்கு உறவு. முதலில் ஆணாயிருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும். பெரிய மீனாகத் தேடிப் பிடித்தால் அத்தனையும் தாய் மீன்களே. மீனைவிடச் சினைக்கு விலை அதிகம், ஆகவே தேடுகிறார்கள்.

வலைக்காரரைக் குறை சொல்வது எளிது. உப்பிட்ட சினை இன்னும் வேண்டுமென்று சொல்லியனுப்புவது கடைக்காரராகிய நாமல்லவா?