மனசுக்கு அத்தாட்சி

ஒருவனுக்கு வேலை இல்லை என்பது ஒரு நிலைமை. அவன் வேலை தேடுகிறான் என்பது ஒரு செயல். அவன் உண்மையாகவே வேலையை விரும்புகிறான் என்பது இவ்விரண்டிலும் சேராத ஒன்று, அது அவனுடைய அந்தரங்கம். முதலாவதைப் பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதை ஓரளவு விசாரிக்கலாம். மூன்றாவதை எப்படி அறிவது? அறிய முடியாத ஒன்றை நிபந்தனையாக வைத்து, அதை நிரூபிக்கும் பொறுப்பையும் அவன் தலையிலேயே கட்டுவது நியாயமா? வேலையில்லாதவனுக்குச் சர்க்கார் பணம் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி இருந்து வருகிறது. நம் எழுத்தில்தான் இல்லை.

நம் கதைகளில் வேலையில்லாப் பட்டதாரிகளுக்குப் பஞ்சம் கிடையாது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் புகையினூடே இருத்தலின் அபத்தத்தைத் தரிசித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவன்கூட ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்து நான் படித்ததில்லை. பாரம் இலக்கியத்துக்கு லாயக்கில்லாத வஸ்து என்று எண்ணம் போலிருக்கிறது. வங்கியில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கோ, மனிதன் தன்னைப் பற்றி எழுதுவதிலேயே மிகக் கஷ்டமான உரைநடை அதுதான் என்று தோன்றுகிறது. அங்கே உருவகத்துக்கு இடம் இல்லை. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான்.

இந்தப் பிரச்னை அதன் முழு நிர்வாணத்தோடு வெளிப்பட்ட இடம் பிரிட்டன். கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் 1911ல் அங்கே வேலையின்மை இன்ஷூரன்ஸ் சட்டமாயிற்று. தொழிலாளியும் முதலாளியும் வாராவாரம் சந்தா கட்ட வேண்டும். சர்க்காரும் தன் பங்கைப் போடும். வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், வருஷத்தில் அதிகபட்சம் 15 வாரம். சட்டம் உருவாகிக்கொண்டிருந்த 1909ல் ஒரு விவாதம் வந்தது. குடித்துவிட்டு வந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவனுக்குப் பணம் உண்டா? இலாகா அதிகாரிகள் கூடாது என்றார்கள். வர்த்தகத் துறையின் தலைவராக இருந்த சர்ச்சில், சந்தா கட்டியிருக்கிறான், வேலை போயிருக்கிறது, அதற்கு மேல் கேட்க நமக்கு என்ன இருக்கிறது என்ற நிலை எடுத்தார். ஒழுக்கத்தையும் கணிதத்தையும் கலப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று குறிப்பு எழுதினார். நம்மைப் பற்றி அந்த மனிதர் சொன்னதையெல்லாம் அறிந்தவர்களுக்கு அவரோடு உடன்படுவது சங்கடம்தான். இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் பார்வை சுத்தமாக இருந்தது. அது எடுபடவில்லை. துர்நடத்தையால் வேலை இழந்தவனுக்கும், தக்க காரணமின்றித் தானே வேலையை விட்டவனுக்கும் 6 வாரம் பணம் கிடையாது என்று சட்டத்தில் ஏறிவிட்டது.

அப்பீலுக்கும் வழி வைத்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ் அதிகாரி மறுத்தால் முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், ஒரு தலைவர் என்று மூவர் அமர்ந்த மன்றம். அதற்கும் மேலே அம்பயர். கிரிக்கெட்டில் உள்ள அதே பெயர்தான். அவர் விரலைத் தூக்கிவிட்டால் ஆட்டக்காரன் வெளியேற வேண்டியதுதான்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய மந்தத்தில் சந்தாக் கணக்கு தீர்ந்துபோனவர்களுக்கும் பணம் கொடுக்க வேண்டிவந்தது. அப்போதுதான், 1921ல், அந்த வாசகம் நுழைந்தது. மனுதாரர் ‘உண்மையாகவே’ வேலை தேடுபவராக இருக்க வேண்டும். 1924ல் இது எல்லோருக்கும் ஆயிற்று. 1930ல் நீக்கப்படும் வரைக்கும், இந்த ஒரு சொல்லால் நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகள் சுமார் 30 லட்சம்.

வேலையே இல்லாத ஊர்களில் இந்தத் தேடல் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுரங்கம் மூடிவிட்டது. கப்பல் பட்டறை மூடிவிட்டது. மூடிய கதவுகள் என்று அவனுக்குத் தெரியும், அவனை விசாரிக்கும் அதிகாரிக்கும் தெரியும். ஆனாலும் அவன் காலையில் எழுந்து கதவு கதவாக நடக்க வேண்டும். போன வாரம் எந்தெந்தக் கம்பெனிக்குப் போனாய், யாரைப் பார்த்தாய், என்ன சொன்னார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். 1926ல் அம்பயர் ஒரு தீர்ப்பில், இதில் முக்கியமாகக் கண்டுபிடிக்க வேண்டியது மனுதாரரின் மனநிலையைத்தான் என்றார். உதவித்தொகையில் வாழ்வதைவிடக் கூலிக்கு உழைப்பதையே அந்த மனம் விரும்புகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

நோக்கத்தைச் சட்டம் ஆராய்வது புதிதல்லவே என்று கேட்கலாம். கொலை வழக்கில் அதைத்தானே செய்கிறார்கள்? வாஸ்தவம். ஆனால் அங்கே ஒரு பிணம் கிடக்கிறது. நோக்கத்தை நிரூபிக்க வேண்டியவன் குற்றம் சாட்டுபவன். சந்தேகம் வந்தால் அதன் பலன் கூண்டில் நிற்பவனுக்கு. இங்கே எல்லாம் தலைகீழ். பிணம் இல்லை, செயல் இல்லை, சந்தேகத்தின் பலனும் சந்தேகப்படுகிறவனுக்கே.

இதைவிட மோசமான ஒன்றும் இதில் இருக்கிறது. எங்கும் வேலை இல்லை என்று தெளிவாகத் தெரிந்து வீட்டில் இருந்தவன் பொய்யனானான். தெரிந்தும் செருப்புத் தேய நடந்தவன் உண்மையானவனானான். முதலாமவனுடைய குற்றம் அவன் தெளிவுதான். இரண்டாமவனோ வேலையை நிஜமாகவே விரும்புகிறவன். அந்த நிஜத்தை நிரூபிப்பதற்காக அதையே அவன் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. சார்த்தர் 1943ல் எழுதிய பரிசாரகனை நாம் போதுமான அளவு பேசிவிட்டோம். பரிசாரகனாக நடிக்கும் பரிசாரகன். அவனுக்காவது சம்பளம் இருந்தது. தன் சொந்த ஆசையைப் பிறர் நம்பும்படி வருஷக்கணக்கில் நடித்தவனுக்கு, ஒருநாள் அந்த ஆசை தன்னுடையதுதானா என்று சந்தேகம் வராமலிருக்குமா?

1931ல் வந்த குடும்ப வருமானச் சோதனையை நான் இங்கே விவரிக்கவில்லை. மகனுடைய கூலியைத் தகப்பன் கணக்கில் சேர்த்துக் கழித்தார்கள். மகன்கள் வேறு வீடு பார்த்துப் போனார்கள். வால்டர் கிரீன்வுட் 1933லும் ஆர்வெல் 1937லும் எழுதியதில் அது இருக்கிறது. ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூக்கள்தான் பாடமாக இருந்தன.

பொய் சொல்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். மற்றவர்கள் கட்டிய பணம் அல்லவா, சோதிக்காமல் கொடுக்கலாமா? கூடாது. என் பிழைப்பே சோதிப்பதுதான். ஆனால் என் மேஜைக்கு வரும் காசோலையில் நான் பார்ப்பது கையெழுத்து, தேதி, தொகை, கணக்கில் இருப்பு. எழுதியவர் எதற்காகப் பணம் எடுக்கிறார், அந்தச் செலவை உள்ளூர விரும்புகிறாரா என்று கேட்பதில்லை. வங்கித் தொழிலில் இன்னொரு விஷயமும் உண்டு. கள்ளக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் நஷ்டம் வங்கிக்கு. பயந்துகொண்டு, கணக்கில் பணமிருக்கும் நல்ல காசோலையைத் திருப்பிவிட்டாலும், 1881ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி வங்கி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். கொடுக்கக் கூடாதவனுக்குக் கொடுப்பது ஒரு தவறு. கொடுக்க வேண்டியவனுக்கு மறுப்பது இன்னொரு தவறு. இரண்டுக்கும் விலை உண்டு. இரண்டு பக்கமும் பயம் இருப்பதால்தான் குமாஸ்தா கொஞ்சம் நிதானமாகப் பார்க்கிறான். வேலையின்மை உதவி இலாகாக்களில் முதல் தவறுக்கு மோசடி என்று பெயர் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. இரண்டாவது தவறுக்குப் பேரேட்டில் பத்திகூட இல்லை.

இந்த ஒற்றைப் பயத்தை ஒரு எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 2013ல் செய்து காட்டியது. உதவித்தொகைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்க வந்த கம்ப்யூட்டர் அமைப்புக்கு மிடாஸ் என்று பெயர். தொட்டதெல்லாம் பொன்னாகும் ராஜாவுக்கு முடிவில் என்ன ஆயிற்று என்று பெயர் வைத்தவர்கள் படிக்கவில்லை போலும். ஒருவன் சில வாரங்களில் சம்பாதித்ததை மற்ற வாரங்களுக்கும் சமமாகப் பரப்பிப் போட்டு, அவன் வேலையில் இருந்துகொண்டே பணம் வாங்கியதாக அது முடிவு கட்டியது. பிறகு அவனுக்கு ஒரு கேள்வித்தாள். வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தாயா? உனக்கு இந்தப் பணம் உரியது என்று ஏன் நினைத்தாய்? இரண்டாவதற்குத் தயாராக வைத்திருந்த விடைகளில் ஒன்று, ‘எனக்குப் பணம் தேவைப்பட்டது’. 10 நாளில் பதில் வராவிட்டால் மோசடி. வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அதைப்போல் 4 மடங்கு அபராதம், வட்டி. சம்பளத்தில் பிடித்தார்கள், வருமான வரியில் திரும்ப வர வேண்டியதைப் பிடித்தார்கள். அப்பீலுக்கு 30 நாள் கெடு. பலருக்குத் தங்கள் மீது குற்றச்சாட்டு இருப்பதே தெரிவதற்குள் அது கழிந்துவிட்டது. மனிதக் கை படாமல் முடிவான 22,427 வழக்குகளைப் பிற்பாடு மாநிலமே மறுபடி பார்த்தபோது 93 சதவிகிதத்தில் மோசடி இல்லை.

அந்த விடையை நான் பலநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பணம் தேவைப்பட்டது. உதவி கேட்டு வரும் எவனும் சொல்லக்கூடிய மிக நேர்மையான வாக்கியம் அதுதான். அதையே குற்ற ஒப்புதலாக அச்சடித்து வைத்துவிட்டார்கள். 1926ல் தேடிய மனநிலை, 2013ல் டிக் அடிக்கும் கட்டமாகக் கிடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். நஷ்டஈடு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2022ல் தீர்ப்பளித்தது. அந்த வருஷமே 2 கோடி டாலருக்குச் சமரசமும் ஏற்பட்டது. நல்ல காசோலையைத் திருப்பியதற்குக் கடைசியில் விலை வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் மனத்தைத் தோண்டும் இந்த வழக்கம் இல்லை. இங்கே கேட்பது காலத்தை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து 5 வருஷம் காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், 3 மாதத்துக்கு ஒரு முறை, 3 வருஷம் வரை. சந்தேகப்படுவதற்குக்கூட ஒரு தொகை வேண்டாமா? ஆனால் வேலையில் இல்லை என்று வருஷா வருஷம் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கிளைக்கு வரும் ஒரு பெண், பாஸ்புக்கில் 1,800 ரூபாய் வரவு ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, கையிலிருந்த உறுதிமொழிப் பாரத்தை என் முன் வைத்தார். சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறார். மாசம் ஐந்நூறு, அறுநூறு வரும், சில வீட்டில் அரிசி கொடுப்பார்கள். இது வேலையா, இல்லையா? பாரத்தில் அதற்கு வரி இல்லை. அது உத்தியோகம் ஆகாது, தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் என் அபிப்பிராயத்துக்கு அங்கே செல்லுபடி கிடையாது. எதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன் என்றேன்.

“கேட்டா நிறுத்திடுவாங்க சார்” என்றார். பாரத்தை மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டார்.