தண்ணி எப்புடிப்பா?

கொலராடோவுக்குக் குடிபோகப் போகிறோம் என்றதும் ஹியூஸ்டன் நண்பர்கள் எல்லோரும் மலையைப் பற்றியே பேசினார்கள். 14,000 அடியைத் தாண்டிய சிகரங்கள் ஐம்பதுக்கு மேல், பனிச்சறுக்கு, இலையுதிர்காலத்து மஞ்சள். டென்வர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது மனைவியின் ஆராய்ச்சி. அப்பா மட்டும் போனில் ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணி எப்புடிப்பா?"

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடையில் விவசாயம் பார்த்தவர். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டாலும் எங்கள் வாய்க்கால் நனைகிறவரை நம்பமாட்டார். சில வருஷம் நனையவே நனையாது.

எனக்குப் பதில் தெரியவில்லை. லாங்மாண்ட்டில் பார்த்து வைத்திருந்த வீட்டு மாடி ஜன்னலிலிருந்து லாங்ஸ் பீக் தெரியும். குழாயில் வருவது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று தெரியாது. வெட்கமாக இருந்தது, தேட ஆரம்பித்தேன்.

மேற்கிலிருந்து வரும் மேகம் மலையில் மோதிப் பனியாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே வெறுங்கையோடு இறங்குகிறது. ஜனங்களோ பெரும்பாலும் கிழக்கில். எனவே மலையைக் குடைந்திருக்கிறார்கள். ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு அடியில் 21 கிலோமீட்டர் நீளும் ஆடம்ஸ் சுரங்கம், மேற்குச் சரிவின் தண்ணீரை 1947-லிருந்து கிழக்கே கொண்டுவருகிறது. லாங்மாண்ட் குடிப்பதில் ஒரு பங்கு அதுதான். 1895-ல் பென்னிகுவிக் பெரியாற்றை வைகைப் பக்கம் திருப்பிய அதே வித்தை. அப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சட்டத்தைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது. 1876-ல் மாநிலம் உருவானபோதே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்: ஆற்றுநீரை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. (முதலில் என்று எழுதிய கை, அங்கே காலங்காலமாக இருந்த யூட் மக்களை எண்ணிப்பார்த்து எழுதியதல்ல.) வறட்சி வந்தால் கீழே இருக்கும் பழைய உரிமைக்காரருக்காக, மேலே இருக்கும் புதியவர் மடையை அடைத்துக்கொள்ள வேண்டும். அப்பா உற்சாகமாகிவிட்டார். "அப்படிப் பார்த்தா நம்மகிட்ட கரிகாலன் காலத்துப் பாத்தியதை இருக்கே!"

மழைநீர்ச் சங்கதியைக் கேட்டதும் அந்த உற்சாகம் வடிந்தது. கூரையில் விழும் மழையும் யாரோ ஒருவருடைய ஆற்றுக்குப் போக வேண்டியது என்பதால், வீட்டில் அதைப் பிடித்துவைப்பதே அங்கே பொதுவாகச் சட்டவிரோதமாக இருந்தது. 2016-ல்தான் இரண்டு பீப்பாய்க்கு அனுமதி, மொத்தம் 110 காலன். அதுவும் தோட்டத்துக்கு மட்டும். மழைநீர் சேகரிக்காத வீடே இருக்கக்கூடாது என்று 2003-ல் தமிழ்நாடு உத்தரவு போட்டபோது, தன் கையாலேயே குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்பியவர் அப்பா. "வானத்துக்குமா பத்திரம் போட்டிருக்கான்?" என்றார்.

அந்த ஊரோடு எனக்கு அறிமுகம் ஏற்பட்டது இந்தப் பேச்சில்தான் என்று நினைக்கிறேன். வீட்டைக் காட்டிய தரகர் ஜன்னலுக்குத் தனி விலை வைத்திருந்தார். கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டபோது விசித்திரமாகப் பார்த்தார்.

அப்பா அத்தோடு விடவில்லை. அந்தச் சுரங்கம் எந்த ஆற்றிலிருந்து எடுக்கிறது என்றார். கொலராடோ ஆறு, அதன் தலைப்பிலேயே என்றேன். கீழே அரிசோனா, கலிபோர்னியா எல்லாம் அதை நம்பியிருக்கின்றன. 1922-ல் ஏழு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டன; மேலே உள்ள மாநிலங்கள் எந்தப் பத்து வருஷக் கணக்கிலும் 7.5 கோடி ஏக்கர் அடிக்குக் குறையாமல் கீழே போகவிட வேண்டும்.

"அப்ப நீ தலைமடைக்காரனாயிட்ட."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கீழ உள்ளவனுக்கு ஒழுங்கா விடுறாங்களா?"

ஆற்றில் இப்போது அவ்வளவு தண்ணீர் வருவதில்லை என்று தொடங்கினேன். தலைமடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் அது என்று பாதியில்தான் உறைத்தது.