வாக்குறுதியும் நாய்க்குட்டியும்

வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கவேண்டுமெனப் பிள்ளை கேட்பதும் தாய் மறுப்பதும் நம்மிடையே அன்றாட நிகழ்ச்சி. அறவியல் பேசுவோர் இதனைச் சிறுபிள்ளை விவகாரமெனத் தள்ளிவிடக்கூடும். ஆயினும், ஒருவரை இணங்கச் செய்வதில் எது நேர்மை என்ற வினா இத்துணைத் தெளிவாக எழும் இடங்கள் மிகச் சிலவே.

மறுக்கும் தாயை இரக்கமற்றவளெனக் கொள்வது எளிது. விலங்குகளிடத்து மனிதனுக்கு நேரடிக் கடமை இல்லை. அவற்றிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பதனாலேயே அவற்றைப் பேணவேண்டும் எனக் கருதினார் கான்ற். பெந்தமோ, 1789இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பொன்றில், பகுத்தறிவையன்றித் துன்புறும் இயல்பையே அளவுகோலாகக் கொண்டார். தாய் பெரும்பாலும் பெந்தமின் பக்கமே நிற்கிறாள் என்பது என் கருத்து. அவள் கேட்பது "நாய் எதற்கு?" என்பதன்று, "ஆர் பார்க்கிறது?" என்பதே. துன்புறக்கூடிய ஓர் உயிரைப் பொறுப்பேற்க ஆளுண்டா என்ற வினா அது.

"நான் பார்ப்பேன்" என்கிறது பிள்ளை. அது பொய்யன்று. ஆனால் நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. 12 வயதில் வாக்களித்தவர், நாய் முதுமையெய்தும்போது பல்கலைக்கழக விடுதியிலோ, கொழும்பிலோ, கடல்கடந்தோ இருப்பார். (இக்கட்டுரையைப் படிப்போருட் சிலர், தாம் விட்டுவந்த நாய்க்கு இன்று சோறு வைப்பவர் யாரென எண்ணிப் பார்க்கலாம்.) வாக்குறுதி பிள்ளையினுடையது, அதனை நிறைவேற்றும் உழைப்போ தாயினுடையது. பிறர் உழைப்பை ஈடுவைத்து வாக்களிக்க ஒருவருக்கு உரிமை உண்டா? "அம்மாவைக் கேள்" என்று ஒதுங்கிக்கொள்ளும் தந்தையரும் இவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்களே.

கேளாமலே குட்டியைப் பையில் வைத்துக் கொணர்ந்து முற்றத்தில் விட்டுவிடும் வழியும் உண்டு. அது முனகும், தாய் பால் வைப்பாள், வழக்கு முடிந்தது. இது இரக்கத்தைக் கருவியாக்கி நெருக்குதலேயன்றி இணங்கச் செய்தலன்று. மறுக்கும் உரிமையைப் பறித்தபின் பெற்ற சம்மதம் சம்மதமாகாது.

தாயின் உழைப்பை மறையாது, அதனையே வெளிப்படையாகக் கேட்பது கடினம். "நான் இருக்கும்வரை நான், போனபின் நீங்கள். சம்மதமா அம்மா?" எனக் கேட்கும் பிள்ளை தோற்கவும் கூடும். ஆண்டுதோறும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி, பெட்டையாயின் கருத்தடைச் சத்திரசிகிச்சை ஆகியவற்றையும் அப்போதே பேசிவிடவேண்டும். சந்தைப்புறத்தில் உரப்பையோடு விடப்படும் குட்டிகள், பேசாது விட்டவற்றின் விளைவுகளே. இலங்கையில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006இல் அரச கொள்கையளவில் கைவிடப்பட்டபின், அவை பெருகாது காக்கும் பொறுப்பு வளர்ப்போரையும் பெரிதும் சார்ந்துள்ளது.

அவ்வாறாயின் பிள்ளை எதனையுமே வாக்களிக்க இயலாதே எனலாம். இது வலுவான மறுப்பு. வாக்கைக் காக்கும் ஆற்றல், வாக்களிக்க இடங்கொடுத்த பின்னரே வளர்கிறது. முன்கூட்டியே முழுச் சான்று கேட்கும் பெற்றோர் அவ்வளர்ச்சிக்குத் தடையாகின்றனர். எனவே தாயும் தன் மறுப்பைச் சற்றே தளர்த்தவேண்டியவளாகிறாள். அயல்வீட்டார் ஊருக்குப் போயிருக்கையில் அவர்களது நாய்க்குச் சோறு வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும் தாய்மார் உளர். மாரிகாலத்து விடியலில், எவரும் எழுப்பாமலே பிள்ளை எழுந்து போகிறதா என்று அவர்கள் படுக்கையிற் கிடந்தபடியே கவனித்திருப்பர்.