கைராசியை யார் சோதிப்பது?

"அந்த டாக்டருக்குக் கைராசி" என்று யாரோ சொன்னதை நம்பி வயிற்றைக் கிழிக்கக் கொடுக்கிறோம். பிழைத்தால் ராசி, போனால் விதி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திறமையைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை.

திறமையை அளக்க முடியும். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை) பயிற்சிக் கணினியில் தேர்ந்தவர்கள் 5 பேரையும் புதியவர்கள் 5 பேரையும் ஒரே வேலையைச் செய்யவைத்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். திரையில் பார்வை எங்கே பதிகிறது என்பதைக் கேமரா பின்தொடர்ந்தது. புதியவரின் கண் கருவியின் நுனிக்கும் இலக்குக்கும் இடையே அலைந்தது. தேர்ந்தவரின் கண் தொடவேண்டிய இடத்திலேயே நிலைத்தது. கருவி பின்னால் வந்து சேர்ந்தது. பத்துப் பேரை வைத்து ஒருவரின் உரிமத்தைப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. ஆனால் கைராசி என்று நாம் கும்பிடுவது பழகிப் பழகி வந்த பார்வை என்பது தெரிகிறது. பழக்கத்தில் வந்ததைச் சோதிக்கலாம், கற்றுக்கொடுக்கலாம்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், உடல் பருமனுக்கு இரைப்பை அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் ஆளுக்கொரு வீடியோ கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமலே சக மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். 2013இல் வெளியான முடிவு: மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்பங்கினரிடம் 5.2 சதவீதம். இறப்பும் கடைசிக் கால்பங்கினரிடமே அதிகம். அத்தனை பேரும் தகுதி பெற்ற மருத்துவர்கள்தான். யாரிடம் படுத்தோம் என்பது மட்டும் நோயாளிக்குத் தெரியாது.

ஒவ்வொரு மருத்துவரின் சிக்கல் எண்களையும் வெளியிட்டால் கடினமான கேஸ்களை மருத்துவர்கள் தொடமாட்டார்கள் என்கிறார்கள். நியாயமான அச்சம். நோயின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் அதற்கு வழி. கணக்கையே மூடிவைப்பது வழியல்ல. பஸ் ஓட்டுபவர்கூட உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். அறுவை மருத்துவரின் கைத்திறனை மறுபடி சோதிக்க நம் நாட்டில் கட்டாயத் தேர்வு எதுவும் கிடையாது. உயிரைப் பணயம் வைப்பவனிடம் உண்மையை மறைப்பது அறமல்ல. மரியாதை என்ற பெயரில் அதற்கு நாமும் துணைபோகிறோம்.

அடுத்தமுறை ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது பேனாவைத் தொடுமுன் கேளுங்கள்: "இந்த ஆபரேஷனை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க, டாக்டர்? அதில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?"