பொன்னுக்கு இல்லாத தீட்டு

நம் வகுப்பில் ஒரு மாணவன் மற்றொருவனைக் "குப்பை பொறுக்கி" என்று ஏசினான். ஏசியவன் விரலில் பொன் மோதிரம். அந்தப் பொன் முன்பு எங்கே கிடந்தது, எவர் கைபட்டு வந்தது என்று அவனால் கூற முடியுமா? நம்மாலும் முடியாது. பொன்னிடம் நாம் பிறப்பைக் கேட்பதில்லை. மனிதனிடம் மட்டுமே கேட்கிறோம்!

2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கின் பதக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஜப்பான் மக்கள் 2017 முதல் 2019 வரை அளித்த பழைய கைப்பேசிகள், கணினிகள் முதலியவற்றிலிருந்து ஏறத்தாழ 32 கிலோ தங்கமும், 3,500 கிலோ வெள்ளியும், 2,200 கிலோ வெண்கலமும் பிரித்தெடுத்தனர். கழிவிலிருந்து வந்தது எனக் கூறி, தீட்டு என்று ஒதுக்கினரா வீரர்கள்? முத்தமிட்டு மகிழ்ந்தனர்!

அதே வேலைதான் டில்லியின் சீலம்பூரிலும் நடக்கிறது. ஆனால் அங்கே, உறையணியாத கைகள் கருவிகளை உடைக்கின்றன. செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துகின்றன. மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் இடுகின்றன. பொன் கடைவீதிக்குப் போகிறது. புகை தொழிலாளியின் நெஞ்சிலே தங்குகிறது. ஈயத்தூசு அவன் குழந்தையையும் விடுவதில்லை. இத்தனைக்கும் பிறகு, பொன்னுக்குப் பெட்டகம், அவனுக்குப் பழிச்சொல்!

"பொன்னைத் தீ தூய்மையாக்குகிறதே" என்பர் சிலர். ஆம், பொன்னோடு கலந்தது வேறு உலோகம், உருக்கிப் பிரிக்கலாம். உழைப்பவனோடு கலந்த மாசு எது? உடலில் படிந்த அழுக்கு, ஒரு குளியலில் போய்விடும். போகாத அழுக்கு, இழிவென்று எண்ணுவோர் உள்ளத்தில் அன்றோ இருக்கிறது! உருக்க வேண்டியது அதைத்தான்.

அதற்காக, அத்தொழிலைப் 'புனிதம்' என்று புகழ்ந்துவிட்டு நகர்வதும் ஏமாற்றே. புகழுரை புகையைத் தடுக்காது. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டுமே. பொருளை உற்பத்தி செய்தவரே கழிவுக்கும் பொறுப்பு என்று இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்தப் பொறுப்பு, கழிவைப் பிரிக்கும் கைவரை நீளட்டும்: கையுறை, காற்றோட்டமான ஆலை, மருத்துவம், நேரிய கூலி!

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் கூறினோம். மோதிரக்காரன் தலைகுனிந்தான். அவன் வெட்கம் போதாது. அச்சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்த நம் வீடுகளும் வெட்கப்பட வேண்டும்.